கிட் கார் அலுமினியத் தகடுகளில் ரிவெட் துளையிடுதல்

கிட் கார் என்பது தொழிற்சாலையில் முழுமையாகப் பூட்டப்படாமல், பாகங்களின் தொகுப்பாக விற்கப்பட்டு, வாங்கியவரே தம் கொட்டகையில் பூட்டி முடிக்கும் மகிழுந்து ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டகத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளைப் போர்த்திக் கட்டப்படுகின்றன. தகட்டையும் குழாயையும் இணைப்பது தறையாணி. பட்டறைகளில் இது ரிவெட் என்ற பெயரிலேயே வழங்குகிறது. ஒரு காருக்குப் பல நூறு ரிவெட்டுகள் தேவைப்படும். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு துளை இட வேண்டும்.

ரிவெட் அடிப்பது சில நொடி வேலை. அந்த இணைப்பு எத்தனை ஆண்டு நிற்கும் என்பது அதற்கு முன்பே, துளையின் அளவு, இடம், ஓரத்தின் தூய்மை ஆகியவற்றால் முடிவாகிவிடுகிறது. எனவே கிட் கார் கட்டுமானத்தில் ரிவெட் வேலை என்பது பெரும்பாலும் துளையிடும் வேலையே. இக்கட்டுரை அந்த வேலையின் படிகளையும் ஒவ்வொரு படிக்கும் உரிய காரணத்தையும் விளக்குகிறது.

பின்னணி

இவ்வகைக் கார்களுக்கு முன்மாதிரியாக விளங்குவது இங்கிலாந்தில் கோலின் சாப்மன் வடிவமைத்து 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவன். அக்காலத்தில் இங்கிலாந்தில் முழுமையான புதுக் காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி, பாகங்களாக விற்கப்பட்ட காருக்கு விதிக்கப்படவில்லை. இந்த வரி வேறுபாடு கிட் கார்த் தொழில் வளர ஒரு முக்கியக் காரணம். 1973-இல் செவன் காரின் உற்பத்தி உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய நூல் வெளிவந்தபின், இதே அமைப்பில் குறைந்த செலவில் காரை முற்றிலும் வீட்டிலேயே கட்டும் வழக்கமும் பரவியது. அவ்வாறு கட்டப்படும் கார்கள் லோக்கோஸ்ட் என அழைக்கப்படுகின்றன. லோக்கோஸ்ட் சட்டகத்தில் 25 மி.மீ. சதுரக் குழாய் பெரும்பங்கு வகிக்கிறது. அதன் சுவர்த் தடிமன் ஏறத்தாழ 1.6 மி.மீ. இக்கட்டுரையின் கணக்குகள் இந்தக் குழாயையே அடிப்படையாகக் கொண்டவை.

தகட்டின் பணி

பக்கத் தகடுகளுக்கும் தரைத் தகட்டுக்கும் பொதுவாக 1.2 மி.மீ. முதல் 1.6 மி.மீ. வரை தடிமனுள்ள அலுமினியம் பயன்படுகிறது. 1.2 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.2 கிலோ எடையுள்ளது. அதே தடிமனில் எஃகு 9.4 கிலோ இருக்கும். தூய அலுமினியம் எளிதாக வளையும், ஆனால் விரைவில் நசுங்கும். எனவே பாதி இறுக்கமுள்ள 5251 போன்ற மக்னீசியக் கலவை விரும்பப்படுகிறது.

இத்தகடு வெறும் மூடி அல்ல. நான்கு குழாய்களைச் சதுரமாகப் பற்றவைத்து ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகச் சரியப் பார்க்கும். மூலைவிட்டமாக ஒரு குழாய் இருந்தால் அது சரிவைத் தடுக்கும். நாற்புறமும் ரிவெட் அடித்த தகடும் அதே வேலையைச் செய்யும். தரையிலும் நடுச்சுரங்கத்திலும் பல வடிவமைப்புகள் இந்த விறைப்பை நம்பியே இருக்கின்றன. கார் திரும்பும்போதும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதும் அந்த விசை முழுவதும் ரிவெட் துளைகளின் ஓரங்கள் வழியாகவே தகட்டுக்குச் செல்கிறது.

துளையின் ஓரம் ஏன் முக்கியம்

இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், அதன் ஓரத்தில் தகைவு சராசரியைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு ஆகும். ஓரத்தில் ஒரு கீறலோ பிசிறோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் தகைவு இன்னும் கூடும். எஃகுக்கு, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை முறை விசை மாறி மாறி வந்தாலும் அயர்வு ஏற்படாத எல்லை ஒன்று உண்டு. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. சிறு விசையும் போதிய தடவை வந்தால் விரிசலைத் தொடங்கிவிடும்.

ரிவெட் துளைகளிலிருந்து விரிசல் பரவுவதற்கு விமான வரலாற்றில் நன்கு ஆராயப்பட்ட சான்று உண்டு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737-200 விமானம் ஒன்று ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் பறந்தது. ஏறத்தாழ 24,000 அடி உயரத்தில் அதன் முன்பகுதிக் கூரை பெயர்ந்து பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானம் மவுய் தீவில் தரையிறக்கப்பட்டது. அது அதுவரை 89,680 முறை பறந்திருந்தது. அதன் மேல்தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய மூட்டில் பசையாலும் ரிவெட்டுகளாலும் இணைக்கப்பட்டிருந்தன. பசை விட்டதும் விசை முழுவதும் ரிவெட்டுகளின்மேல் விழுந்தது. ரிவெட் தலை அமர்வதற்காகத் தகட்டில் குடைந்த குழி, தகட்டின் முழுத் தடிமனுக்கும் இறங்கியிருந்ததால், துளையின் ஓரம் கத்தி முனைபோல் இருந்தது. பல துளைகளில் தொடங்கிய விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தகடு கிழிந்தது.

கிட் காரின் தகடு காற்றழுத்தத்தைத் தாங்குவதில்லை. எனவே விளைவு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் விரிசல் தொடங்கும் முறை ஒன்றே. தளர்ந்த ரிவெட்டைச் சுற்றிக் கருநிறப் பொடி படிவது, தரையில் ஓயாத கிறீச்சொலி, மூலைத் துளையிலிருந்து மயிரிழை போன்ற விரிசல் ஆகியவை கிட் காரில் அதன் அறிகுறிகள்.

பாப் ரிவெட் இயங்கும் முறை

சட்டகக் குழாயின் உட்பக்கத்தை எட்ட முடியாது என்பதால், ஒரே பக்கத்திலிருந்து அடிக்கக்கூடிய பாப் ரிவெட் பயன்படுத்தப்படுகிறது. இதன் வளர்ச்சியில் ஹாமில்டன் நீல் வைலி என்பவரின் 1916, 1927 ஆண்டுக் காப்புரிமைகள் முக்கியமானவை. இதில் இரண்டு பாகங்கள் உள்ளன. ஒன்று, தலையுடன் கூடிய குழல் வடிவ உடல். மற்றது, அதனுள் செல்லும் இழுகம்பி. ரிவெட் துப்பாக்கி கம்பியை இழுக்கும்போது அதன் குமிழ் முனை குழலின் பின்புறத்தை நசுக்கி விரிக்கிறது. குழல் பக்கவாட்டில் பருத்துத் துளையை நிரப்புகிறது. இழுவிசை குறித்த அளவை எட்டியதும் கம்பி அதன் பள்ளத்தில் அறுந்துவிடுகிறது.

இந்த இயக்கத்திலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, குழல் பருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. துளை மிகப் பெரிதாக இருந்தால் அது நிரம்பாது. இரண்டாவது, கம்பி இழுவிசையின் அளவை வைத்தே அறுகிறது. மூட்டு இறுகியதா என்பது அதற்குத் தெரியாது. தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே இடைவெளி இருந்தாலும், பின்புறம் அந்த இடைவெளிக்குள்ளேயே விரிந்து, வெளியே பார்ப்பதற்குச் சரியான ரிவெட் போலவே நிற்கும்.

துளையின் அளவு

பாப் ரிவெட்டுக்குரிய துளை அதன் உடலின் விட்டத்தைவிட ஏறத்தாழ 0.1 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். வழக்கமான அளவுகள்:

– 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 மி.மீ. துளை
– 4.0 மி.மீ. ரிவெட்டுக்கு 4.1 மி.மீ. துளை
– 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. துளை

பக்கத் தகடுகளுக்கு 3.2 மி.மீ. ரிவெட் பரவலாகப் பயன்படுகிறது. தரை போன்று விசை மிகுந்த இடங்களுக்கு 4.0 அல்லது 4.8 மி.மீ. பயன்படுகிறது. எந்த இடத்துக்கு எது என்பதில் கிட் தயாரிப்பாளரின் வரைபடமே இறுதியானது.

துளை சிறிதாக இருந்தால் ரிவெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றத் தோன்றும். அப்போது குழல் நசுங்கிப் பின்புறம் கோணலாக விரியும். துளை பெரிதாக இருந்தால் ரிவெட் அதனுள் ஆடும். பின்புறத் தலை பற்றும் பரப்பும் குறையும். கார் அதிர அதிர அந்தத் துளை நீள்வட்டமாகும்.

ரிவெட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது அது பற்ற வேண்டிய மொத்தத் தடிமன். 1.2 மி.மீ. தகடும் 1.6 மி.மீ. குழாய்ச் சுவரும் சேர்ந்தால் 2.8 மி.மீ. ரிவெட் பெட்டியில் அச்சிட்ட பிடிப்பு வரம்புக்குள் இந்த எண் அடங்க வேண்டும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் மூலைகளில் கணக்கு 4.0 மி.மீ. ஆகிவிடும். அங்கே வேறு நீளம் தேவைப்படலாம்.

இடம் குறித்தல்

துளையின் இடத்துக்கு இரண்டு அடிப்படை விதிகள் உண்டு. துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப் போல் இரு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு இது 6.4 மி.மீ. அடுத்தடுத்த துளைகளின் மையங்களுக்கு இடையே குறைந்தது மூன்று மடங்கு தூரம் வேண்டும். அதற்கும் நெருங்கினால் தகடு தபால்தலை ஓரம்போல் கிழிய வாய்ப்புண்டு. நடைமுறையில் கிட் கார்த் தகடுகளில் 50 மி.மீ. இடைவெளி பரவலாகக் காணப்படுகிறது. விசை குறைந்த இடங்களில் இது 75 மி.மீ. வரை போகிறது.

25 மி.மீ. குழாயின் நடுக்கோடு அதன் ஓரத்திலிருந்து 12.5 மி.மீ. உள்ளே இருக்கிறது. தகட்டின் ஓரம் குழாயின் வெளி ஓரத்தோடு சமமாக நின்றால், நடுக்கோட்டில் இடும் துளை ஓரத் தூர விதியையும் நிறைவேற்றும். ஆனால் பற்றவைத்த சட்டகத்தில் குழாய்கள் வரைபடத்தில் உள்ளபடி மிகச் சரியாக இருப்பதில்லை. எனவே தகட்டை இடத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, உட்புறத்திலிருந்து குழாயின் இரு ஓரங்களையும் தகட்டின்மேல் மார்க்கரால் வரைந்துகொள்வது நம்பகமான வழி. தகட்டைக் கழற்றினால் அந்தச் சட்டகத்தின் உண்மையான படம் அதில் இருக்கும். நடுக்கோட்டை அந்த இரு கோடுகளுக்கு இடையே வரையலாம்.

இடைவெளியைக் கணக்கிடும்போது மொத்த நீளத்தை முதலில் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 1,170 மி.மீ. நீள ஓரத்தில் இரு முனையிலும் 15 மி.மீ. விட்டால் 1,140 மி.மீ. மீதமாகும். 50 ஆல் வகுத்தால் 22.8. இதை 23 ஆக எடுத்துக்கொண்டால் இடைவெளி 49.6 மி.மீ., துளைகள் 24. அடிக்கோலை ஒவ்வொரு துளையிலிருந்தும் அடுத்ததற்கு நகர்த்தி அளந்தால் ஒவ்வொரு முறையும் அரை மி.மீ. தவறினாலும் கடைசித் துளையில் அது 11 மி.மீ.க்கு மேல் சேர்ந்துவிடும். அடிக்கோலை ஒரே இடத்தில் வைத்து எல்லாப் புள்ளிகளையும் குறித்தால் இந்தப் பிழை சேராது.

வெளித்தகடுகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் குறிப்பது நல்லது. கோடும் தெளிவாகத் தெரியும், டிரில் நழுவினாலும் தகடு கீறாது. கூரிய ஊசியால் கீறிக் குறிப்பது வெட்ட வேண்டிய கோட்டுக்கு மட்டுமே ஏற்றது. தகட்டில் நிலைத்திருக்கும் கீறல் பின்னாளில் விரிசலுக்கு வழியாகும். பென்சிலின் கரியும் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கக்கூடியது என்பதால் விமான வேலையில் அது தவிர்க்கப்படுகிறது.

குழாய்களின் பின்னால் என்ன செல்கிறது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் மின்கம்பிகளும் பெரும்பாலும் நடுச்சுரங்கக் குழாய்களை ஒட்டியே ஓடுகின்றன. தகடு பொருத்தியபின் அவை கண்ணுக்குத் தெரியா. இக்குழாய்களைப் பூட்டும் முன் துளைகளை இட்டு முடிப்பதே பாதுகாப்பான வரிசை.

டிரில் பிட்டும் வேகமும்

ஒவ்வொரு புள்ளியிலும் சென்டர் பஞ்சால் மெதுவாகத் தட்டிச் சிறு குழி இட வேண்டும். பலமாகத் தட்டினால் தகடு பள்ளமாகிக் குழாயில் சரியாக அமராது. முதலில் 2.5 மி.மீ. பிட்டால் வழித்துளை இட்டு, பிறகு இறுதி அளவுக்கு விரிப்பது வழக்கம். மெல்லிய தகட்டில் பெரிய பிட்டை நேரடியாகச் செலுத்தினால், அதன் முனை மறுபக்கம் வெளியேறிய பின்னும் வெட்டும் விளிம்புகள் தகட்டிலேயே இருக்கும். பிடிமானமின்றிப் பிட் ஆடுவதால் துளை வட்டமாக அமையாமல் முக்கோணச் சாயல் பெறும். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு இந்த இரு கட்ட முறை மிகவும் அவசியம்.

அலுமினியத்தை எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக வெட்டலாம். ஆனால் கிட் காரில் பிட் தகட்டைக் கடந்ததும் எஃகுக் குழாயைச் சந்திக்கிறது. எனவே வேகத்தைத் தீர்மானிப்பது எஃகு. 3.3 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுழன்றால் அதன் விளிம்பின் வேகம் நிமிடத்துக்கு 26 மீட்டர். சாதாரண எஃகுக்கு இது பொருத்தமானது. பிட் பெரிதாக ஆக, சுற்று குறைய வேண்டும். அலுமினியச் சீவல் பிட்டின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும் இயல்புள்ளது. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் அல்லது வெட்டு எண்ணெய் அதைத் தடுக்கும். பசை பூசுவதற்கு முன் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்துவிட வேண்டும்.

தகட்டைப் பஞ்ச் கருவியால் குத்தியும் துளை இடலாம். தகட்டுத் துளை தூய வட்டமாக வரும், சீவல் பறக்காது. ஆனால் கருவியின் வாய் எட்டும் தூரம் வரைதான் குத்த முடியும். மூடிய குழாயைக் குத்தவும் முடியாது. எனவே பஞ்ச் தகட்டுக்கு மட்டுமே உதவுகிறது. குழாய்க்கு எப்படியும் டிரில் தேவை.

மழுங்கிய பிட்டை அழுத்தித் தள்ளும்போதுதான் அது நழுவுகிறது, பெரும் பிசிறும் வருகிறது. எஃகில் துளையிடும் பிட் விரைவில் மழுங்கும். பல நூறு துளைகளுக்கு ஒரே பிட்டை நம்பாமல், 3.3 மி.மீ. பிட்டுகளைப் பெட்டியாக வாங்கிவைப்பதே சிக்கனம்.

துளையிடும் வரிசை

தகட்டில் ஒரு முறையும் குழாயில் தனியாக ஒரு முறையும் அளந்து துளையிட்டால் இரண்டும் ஒருபோதும் சரியாகப் பொருந்தா. தகட்டை இடத்தில் நிறுத்தி இரண்டையும் சேர்த்தே துளைக்க வேண்டும். தகட்டில் வழித்துளைகளை மேசைமேல் வைத்து முன்பே இட்டுக்கொண்டு, பிறகு அவற்றின் வழியாகக் குழாயைத் துளைப்பதும் இதில் அடங்கும்.

வேலை நடுவில் தொடங்கி இரு முனைகளையும் நோக்கிச் செல்ல வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் தகட்டின் சிறு புடைப்பு முன்னால் தள்ளப்பட்டுச் சென்று கடைசியில் வெளியேற வழியின்றி நிற்கும். இரு முனைகளிலிருந்தும் நடுவுக்கு வந்தால் புடைப்பு நடுவில் சிக்கிக்கொள்ளும்.

முதல் துளையை இட்டதும் அதில் கிளெக்கோ என்ற தற்காலிகப் பிடிப்பானைச் செருக வேண்டும். இது வில் விசையால் தகட்டையும் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் சிறு கருவி. தனி இடுக்கியால் நொடியில் போடலாம், எடுக்கலாம். விமானப் பட்டறை வழக்கப்படி இதன் நிறமே அளவைக் காட்டும். செம்பு நிறம் 3.2 மி.மீ. துளைக்கும், கறுப்பு 4.0 மி.மீ. துளைக்கும், பித்தளை நிறம் 4.8 மி.மீ. துளைக்கும் உரியவை. மூன்று நான்கு துளைகளுக்கு ஒன்று என்ற அளவில் இவற்றைப் போட்டுக்கொண்டே போனால் தகடு நகராது. கிளெக்கோ இல்லாதவர்கள் சிறு திருகும் நட்டும் பயன்படுத்துவதுண்டு. ஆனால் மூடிய குழாயில் நட்டு போட முடியாது. அங்கே கிளெக்கோவுக்கு ஈடில்லை.

கழற்றுதலும் பிசிறு நீக்குதலும்

எல்லாத் துளைகளும் முடிந்தபின் தகட்டைக் கழற்றிவிட வேண்டும். துளைகள் பொருந்திவிட்டன, அப்படியே ரிவெட் அடித்துவிடலாம் என்ற எண்ணம் இந்த இடத்தில் எழுவது இயல்பு. அவ்வாறு செய்தால் மூன்று குறைகள் உள்ளேயே தங்கிவிடும்.

முதலாவது பிசிறு. பிட் வெளியேறும் பக்கத்தில் உலோகம் மோதிரம்போல் எழும்பி நிற்கும். தகட்டின் பின்புறத்திலும் குழாயின் முகப்பிலும் இவ்வாறு நிற்கும் பிசிறுகள் இரண்டையும் ஒட்டவிடாமல் தடுக்கும். ரிவெட் இறுகியதுபோல் தோன்றும். பின்னாளில் பிசிறு தேய்ந்து அமுங்கியதும் அந்த அளவுக்கு மூட்டு தளரும். இரண்டாவது சீவல். எஃகுச் சீவல் அலுமினியத்தின் இடையே சிக்கினால் அங்கே ஈரம் தங்கித் துரு தொடங்கும். மூன்றாவது, துளையின் உட்சுவர் பூச்சின்றி நிற்பது.

பிசிறை நீக்க, துளையைவிடப் பெரிய பிட் ஒன்றைக் கையால் பிடித்து ஒன்றிரண்டு திருப்புத் திருப்பினால் போதும். எந்திரத்தில் மாட்டிச் செய்தால் பிசிறோடு தகடும் குடைந்துபோய் ரிவெட் அமரும் இடம் மெலிந்துவிடும். தகட்டின் வெட்டிய ஓரங்களை அரத்தால் மழுக்க வேண்டும். பிரிட்டனில் இவ்வகைக் கார்கள் சாலைக்கு வரும் முன் தேர்வு பெற வேண்டும். அத்தேர்வில் உடலில் படக்கூடிய வெளி ஓரங்கள் பொதுவாக 2.5 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

தட்டைத் தலை ரிவெட்

தலை வெளியே தெரியாமல் சமமாக இருக்க வேண்டுமென்று சிலர் கவுண்டர்சிங்க் ரிவெட்டை விரும்புகின்றனர். இதற்குத் தகட்டில் கூம்புக் குழி குடைய வேண்டும். குழி தகட்டுத் தடிமனில் மூன்றில் இரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. 1.2 மி.மீ. தகட்டில் அது 0.8 மி.மீ. மட்டுமே. அலோஹா விமானத்தில் கண்ட கத்தி முனை ஓரம் மெல்லிய தகட்டில் மிக எளிதாக உருவாகிவிடும். மெல்லிய தகட்டுக்கு ஏற்ற வழி, குடைவதை விட்டுத் தகட்டையே அச்சில் வைத்துக் குழியாக அழுத்துவது. அது முடியாத இடத்தில் குமிழ்த் தலை ரிவெட்டே தகுந்தது.

அரிப்பும் வெப்ப விரிவும்

அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு நீர் இருந்தால் அது ஒரு மின்கலம்போல் இயங்கும். அதில் கரைந்து போவது அலுமினியம். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளிலும் கடலோர ஊர்களிலும் இது விரைவாக நடக்கும். சட்டகத்துக்கு முன்பே வண்ணம் பூசியிருந்தாலும் துளையிட்ட இடங்களில் எஃகு மீண்டும் வெளிப்பட்டுவிடுகிறது. எனவே பிசிறு நீக்கியபின் ஒவ்வொரு குழாய்த் துளைக்கும் சிறு தூரிகையால் துத்தநாக பாஸ்பேட் பிரைமர் தொட்டுவைக்க வேண்டும்.

பல கிட் கார்களில் தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே பாலியூரிதேன் பசையும் பூசப்படுகிறது. இது உலோகங்களைப் பிரித்துவைக்கிறது, நீரைத் தடுக்கிறது, சத்தத்தைக் குறைக்கிறது. விசையையும் புள்ளிகளில் குவியவிடாமல் ஓரம் முழுவதும் பரப்புகிறது. பசை உலரும் வரை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப்பாகவும், தகடு ஓரத்திலிருந்து உரிந்துவிடாமல் காக்கும் பூட்டாகவும் ரிவெட் செயல்படுகிறது.

வெப்பத்தில் அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 1 மீட்டர் நீளத் தகடும் குழாயும் 40 பாகை சூடேறினால் தகடு 0.92 மி.மீ.யும் எஃகு 0.48 மி.மீ.யும் நீளும். வேறுபாடு 0.44 மி.மீ. இதை ரிவெட்டுகள் தடுத்து நிறுத்துவதால் தகடு நடுவில் லேசாகப் புடைக்கும். குளிர்ந்த காலையில் இறுக்கமாக ரிவெட் அடித்த நீளத் தகடு நண்பகல் வெயிலில் அலைபோல் தெரிவதற்கு இதுவே காரணம். கொட்டகையும் உலோகமும் மிதமான வெப்பத்தில் இருக்கும்போது ரிவெட் அடிப்பது இதைக் குறைக்கும்.

தவறிய துளையைச் சரிசெய்தல்

துளை சற்றுப் பெரிதாகிவிட்டால் அடுத்த அளவு ரிவெட்டுக்கு மாறலாம். 3.2-இலிருந்து 4.0-க்குப் போகும்போது ஓரத் தூரம் 8 மி.மீ. ஆகிறது. அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே துளையை விரிக்க வேண்டும். பிட் நழுவி இரண்டு துளைகள் எட்டு என்ற எண்போல் ஒட்டிவிட்டால் எந்த ரிவெட்டும் அங்கே நிற்காது. அந்த இடத்தை விட்டு இரு பக்கமும் புதுத் துளை இட்டு, பழையதைப் பின்புற ஒட்டுத் தகட்டால் மூட வேண்டும்.

அடித்த ரிவெட்டைக் கழற்ற, முதலில் அதில் தங்கியுள்ள கம்பித் துண்டைச் சிறு பஞ்சால் உள்ளே தட்டிவிட வேண்டும். பிறகு துளை அளவு பிட்டால் தலையை மட்டும் குடைந்தால் அது வளையமாகக் கழன்றுவிடும். கம்பியைத் தட்டாமல் குடைந்தால் பிட் அந்த எஃகில் வழுக்கித் தகட்டுக்குள் இறங்கும். ரிவெட் பிட்டோடு சேர்ந்து சுழன்றால் தலையை மெல்லிய உளியாலோ டேப்பாலோ பிடித்துக்கொள்ள வேண்டும். கழன்ற வால் துண்டுகள் குழாய்க்குள்ளேயே விழும். முனை திறந்த குழாயில் காற்றடித்து வெளியேற்றலாம். மூடிய குழாயில் அவை கார் உள்ளவரை கலகலத்துக்கொண்டிருக்கும். முதலிலேயே துளையைச் சரியாக இடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓடிய காரில் துளையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால், அதன் முனையில் சிறு துளை இட்டு விரிசலைத் தற்காலிகமாக நிறுத்தலாம். நிலையான தீர்வு ஒட்டுத் தகடு அல்லது புதுத் தகடு.

பாதுகாப்பு

சீவல் கண்ணை நோக்கியே பறக்கும் என்று கொண்டு கண்ணாடி அணிய வேண்டும். சுழலும் டிரில் அருகே துணிக் கையுறை அணிவது ஆபத்து. நூல் சிக்கினால் விரலையும் இழுத்துக்கொள்ளும். தகட்டை நகர்த்தும்போது மட்டும் கையுறை போதும். பிடிக்காமல் விட்ட தகட்டில் பிட் சிக்கினால் தகடு விசிறிபோல் சுழன்று வெட்டும். மேசையில் துளைக்கும்போது கீழே மரப்பலகை வைத்து இரு இடங்களில் கிளாம்ப் போட வேண்டும்.

இறுதிச் சரிபார்ப்பு

ரிவெட் அடித்தபின் ஒவ்வொரு வரிசையையும் மூன்று வகையில் சோதிக்கலாம். தலைக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய தாள் நுழையக்கூடாது. விரலால் அழுத்தித் திருப்பினால் தலை சுழலக்கூடாது. இரு ரிவெட்டுகளின் நடுவே தகட்டைத் தட்டினால் கெட்டியான ஒலி வர வேண்டும். கலகலத்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் தரை, நடுச்சுரங்கம், மூலைகள் ஆகியவற்றின் ரிவெட்டுகளை மீண்டும் பார்க்க வேண்டும். கருநிறப் பொடி படிந்த ரிவெட்டைக் கழற்றி, துளையை அளந்து, தேவையானால் அடுத்த அளவுக்கு விரித்து மாற்றிவிட்டால் பழுது அந்த ஒரு துளையோடு நின்றுவிடும்.